சட்டசபையில் ஒரு மருத்துவர்: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

முன்னுரை

கருவுற்ற ஏழைத் தாய்மார்களுக்கு நம் மாநில அரசு வழங்கும் உதவித் தொகைக்கு ‘டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்’ என்று பெயர். நம் அக்காமாரும் அண்ணிமாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து வந்த பிறகு, ‘முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துவிட்டதா?’ என்று வீட்டில் விசாரிப்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று ஒருவர் நம்மைக் கேட்டால், ‘அவர் ஒரு டாக்டர்’ என்பதோடு நம் விடை நின்றுவிடும்.

அவர் மருத்துவர் மட்டும் அல்லர். சட்டசபை உறுப்பினரும் ஆவார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் உறுப்பினராக அடியெடுத்து வைத்த முதல் பெண்மணி அவரே. நம் சங்கரன்கோவில் தொகுதியிலிருந்தும் இரண்டு பெண்கள் சட்டமன்றம் சென்றுள்ளனர். 2012ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் முத்துசெல்வி அவர்களும், 2016ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வி. எம். ராஜலட்சுமி அவர்களும் வெற்றி பெற்றனர். ராஜலட்சுமி அவர்கள் அமைச்சராகவும் பணியாற்றினார். அவர்கள் சென்ற பாதையில் முள்ளையும் கல்லையும் அகற்றி முதலில் நடந்தவர் முத்துலட்சுமி அம்மையார். அவர் சட்டசபையில் இருந்த காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. அந்தக் குறுகிய காலத்தில் அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட ஒரு தனிச் சமஸ்தானம். தந்தையார் நாராயணசாமி ஐயர், அங்குள்ள மன்னர் கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், தேவதாசிகள் எனப்பட்ட குலத்தில் பிறந்தவர். அக்குலத்துப் பெண்கள் ஊராரால் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை அம்மையார் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தம் தாயின் வாழ்விலிருந்தே அறிந்திருந்தார். பின்னாளில் அவர் சட்டசபையில் செய்த பெரும்பணிக்கு வேர் இதுவே.

அக்காலத்தில் பெண் குழந்தை பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அடுத்தது திருமணம். முத்துலட்சுமியும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஆனால் படிப்பு நிற்கவில்லை. தந்தையாரின் உதவியோடு வீட்டிலிருந்தபடியே பாடங்களைக் கற்று 1902ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி. ஒரு பெண்ணைச் சேர்த்தால் மாணவர்கள் கெட்டுவிடுவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்புக்குச் செவிசாய்க்காமல் அனுமதி வழங்கினார். உதவித் தொகையும் கொடுத்தார். இவ்வாறு ஒரு தந்தையின் உறுதியும் ஒரு மன்னரின் துணிவும் சேர்ந்து ஒரு பெண்ணின் கல்விக் கதவைத் திறந்தன. பெற்றோர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவக் கல்வி

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அம்மையார், 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்று வெளிவந்தார். இந்தியப் பெண்களில் மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடிகளில் அவரும் ஒருவர். சென்னை எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். பேறுகாலத்தில் உயிரிழந்த இளந்தாய்மாரையும், போதிய கவனிப்பின்றி இறந்த குழந்தைகளையும் அவர் அங்கே கண்டார். பதின்மூன்று, பதினான்கு வயதில் தாயாகும் சிறுமியரின் உடல் என்ன பாடுபடுகிறது என்பது ஒரு மருத்துவருக்குத் தெரிவதைப்போல் வேறு யாருக்குத் தெரியும்?

1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டி என்பவரை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும். தம் விருப்பத்துக்குத் தடை சொல்லக்கூடாது என்று முன்னதாகவே கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே மணம் நடந்தது. அவரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அவர்களுக்கு இரண்டு ஆண் மக்கள்.

1925ஆம் ஆண்டு பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற அம்மையார் இலண்டன் சென்றார். மறு ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டார். மருத்துவராகச் சென்றவர், பெண்களின் உரிமைக்காகப் பேசுபவராகவும் நாடு திரும்பினார்.

கதவு திறந்த வரலாறு

இனி, பெண்களுக்குச் சட்டசபைக் கதவு எவ்வாறு திறந்தது என்று பார்ப்போம். 1917ஆம் ஆண்டு சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதனைத் தொடங்கினர். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அச்சங்கம் இடைவிடாது கேட்டது.

1919ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தச் சட்டம், பெண்களுக்கு வாக்குரிமை தருவதா வேண்டாமா என்பதை அந்தந்த மாகாணச் சட்டசபையே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டது. 1921ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபை அந்த உரிமையை வழங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இவ்வாறு வழங்கிய முதல் மாகாணம் சென்னையே. எனினும் சொத்தோ வரி செலுத்தும் தகுதியோ உள்ள பெண்களுக்கு மட்டுமே அந்த உரிமை கிடைத்தது. ஏழைப் பெண்கள் இந்தியா குடியரசாகி, 1951-52ல் முதல் பொதுத்தேர்தல் நடக்கும்வரை காத்திருந்தார்கள்.

வாக்களிக்கலாம், ஆனால் உறுப்பினராக முடியாது என்ற நிலை 1926ஆம் ஆண்டுதான் மாறியது. அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய அவர்கள் போட்டியிட்டுச் சில வாக்குகளில் தோற்றார். பெண் ஒருவர்கூட வெற்றி பெறாத நிலையில், நியமன உறுப்பினராகவேனும் ஒரு பெண் சபையில் இருக்க வேண்டும் என்று மாதர் சங்கம் வற்புறுத்தியது. அவ்வாறு நியமிக்கப்பட்டவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அண்டைச் சமஸ்தானமாகிய திருவிதாங்கூரில் 1922ஆம் ஆண்டே டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டிருந்தார் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். இருவரும் மருத்துவர்களாக இருந்தது சிந்திக்கத்தக்கது. வீடு வீடாக நுழைந்து பெண்களின் துன்பத்தை நேரில் கண்டவர்கள் அக்காலத்தில் மருத்துவப் பெண்மணிகளே அல்லவா?

அந்நாளைய சட்டசபை

அப்போதிருந்த சட்டசபை இன்றைய சட்டமன்றத்தைப் போன்றது அன்று. இன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்களும் மக்களால் நேராகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அன்று 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஏனையோர் நியமிக்கப்பட்டவர்களும் அரசு அதிகாரிகளும் ஆவர். சென்னை மாகாணமோ இன்றைய தமிழ்நாட்டைவிட மிகப் பெரியது. ஆந்திரப் பகுதியும் மலபாரும் தென்கன்னடமும் அதில் அடங்கியிருந்தன. கல்வி, சுகாதாரம் போன்ற சில துறைகளை மட்டும் இந்திய அமைச்சர்கள் கவனித்தனர். நிதியும் காவலும் ஆளுநரின் கையில் இருந்தன.

சட்டசபையில் ஓர் உறுப்பினர் செய்யக்கூடிய வேலைகளில் இரண்டை நாம் வேறுபடுத்தி அறிய வேண்டும். ஒன்று தீர்மானம், மற்றொன்று மசோதா. தீர்மானம் என்பது, ‘இதனைச் செய்யுங்கள்’ என்று சபை அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்வது. அரசாங்கம் கேட்கலாம், கேளாமலும் விடலாம். மசோதா என்பது சட்டத்தின் முன்வடிவம். அது சபையில் விவாதிக்கப்பட்டு, நிறைவேறி, ஒப்புதல் பெற்றால் சட்டமாகும். சட்டமானால் மீறியவருக்குத் தண்டனை உண்டு. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் அம்மையாரின் போராட்டம் ஏன் இருபது ஆண்டுகள் நீண்டது என்பது நமக்கு விளங்கும்.

துணைத் தலைவர் பொறுப்பு

நியமனத்தை ஏற்க அம்மையார் முதலில் தயங்கினார். நோயாளிகளை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதா என்பதே அவருடைய கவலை. தோழியரின் வற்புறுத்தலால் ஏற்றுக்கொண்டார். சபை கூடியபோது உறுப்பினர்கள் அவரையே ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். ஒரேயொரு பெண் உறுப்பினர், அவரே துணைத் தலைவர்! தலைவர் இல்லாத வேளையில், அத்தனை ஆண்களும் நிறைந்த அவையை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது.

இதனை ஓர் அலங்காரப் பதவியாக அவர் கருதவில்லை. தமக்கு வாக்களித்த தொகுதி என்று எதுவும் இல்லாததால், மாகாணத்தின் பெண்களும் குழந்தைகளும் அனைவரும் தம் தொகுதியே என்று கொண்டார். குழந்தைகளுக்கென்று தனியாக மருத்துவ வசதி வேண்டும் என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளை மருத்துவர்கள் முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இன்று நம் பள்ளிகளுக்கு மருத்துவக் குழுவினர் வந்து கண், பல், எடை, இரத்தசோகை பார்த்துச் செல்கின்றனர். வரிசையில் நின்று அலுத்துக்கொள்ளும் நாம், இதற்காக ஒருவர் சட்டசபையில் எழுந்து வாதாட வேண்டியிருந்தது என்பதை அறிந்தால் அலுத்துக்கொள்ள மாட்டோம்.

பெண் கல்வி பற்றிய அக்கறையும் அவருக்கு மிகுதி. சைமன் குழுவுக்குத் துணையாக இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். அக்குழு 1929ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது.

திருமண வயது

சிறுமியரின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று அம்மையார் 1928ஆம் ஆண்டு சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது தில்லி மத்திய சட்டசபையில் ஹர்பிலாஸ் சாரதா என்பவர் இதற்காக ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார். அது 1929ஆம் ஆண்டு சட்டமாகி, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயது 14, ஆணுக்கு 18.

நம் வகுப்பில் நம்மில் பலருக்கு வயது 15. அதாவது அன்று பெரும் புரட்சி என்று பேசப்பட்ட அந்தச் சட்டத்தின்படிகூட நாமெல்லாம் மணமாகிப் போயிருக்கலாம்! அதையும் எதிர்த்துக் கூட்டம் போட்டவர்கள் இருந்தார்கள் என்றால், அதற்கு முன்னிருந்த நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1949ஆம் ஆண்டு இந்த வயது 15 ஆக உயர்ந்தது; 1978ஆம் ஆண்டு 18 ஆயிற்று. பதினான்கிலிருந்து பதினெட்டுக்கு, நான்கே வயது உயர்வதற்கு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. சட்டம் ஒரே நாளில் வானிலிருந்து இறங்குவதில்லை, படிப்படியாகக் கட்டப்படுகிறது.

பெரும்போராட்டம்

அம்மையாரின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது தேவதாசி முறை ஒழிப்புப் போராட்டம் ஆகும். சிறுமியரைக் கோவிலுக்கு அர்ப்பணித்துப் ‘பொட்டுக்கட்டும்’ வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இறைவனுக்கே மணமுடித்ததாகச் சொல்லப்படும் அச்சிறுமி, வளர்ந்த பின் மற்றப் பெண்களைப் போல் மணந்து குடும்பம் நடத்த முடியாது. அவர்கள் ஆடலிலும் பாடலிலும் தேர்ந்தவர்கள். நம் நாட்டின் இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள். ஆயினும் செல்வர்களின் தயவை நம்பி வாழும் நிலைக்கும், ஊராரின் இழிசொல்லுக்கும் ஆளானார்கள். தான் என்ன ஆகப்போகிறோம் என்று அறியாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்க்கையைப் பெரியவர்கள் முடிவு செய்துவிடுவது அநீதி என்பதே அம்மையாரின் வாதம்.

1927ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், இவ்வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் சபையில் கொண்டுவந்தார். சபை அதனை ஏற்றது. ஆனால் நாம் முன்னர்ப் பார்த்தபடி, தீர்மானம் வேறு, சட்டம் வேறு.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. இது சமயத்தில் தலையிடுவது என்றனர் சிலர். கலை அழிந்துவிடும் என்றனர் வேறு சிலர். தேவதாசிப் பெண்களிலும் ஒரு சாரார், தங்கள் கலையும் மதிப்பும் நிலமும் பறிபோகும் என்று அஞ்சி அரசுக்கு மனு அனுப்பினர். புகழ்பெற்ற இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்த்தவர்களில் ஒருவர். அவர்களுடைய அச்சத்திலும் பொருள் இருந்தது. கோவில் பணிக்காக அவர்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணியை விட்டால் நிலமும் போய்விடும். நிலம் போனால் சோற்றுக்கு என்ன செய்வது?

இங்கேதான் அம்மையாரின் அறிவுத்திறன் வெளிப்படுகிறது. நோயைக் கண்டு திட்டுவதால் பயனில்லை, நோய்க்கு மூலம் எது என்று பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர் வழி. அவர் முதலில் நிலத்தைப் பற்றிச் சட்டம் கொண்டுவந்தார். 1929ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. அதன்படி மானிய நிலம் கோவில் பணி என்னும் கட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. பணியை விட்டாலும் நிலம் அப்பெண்ணுக்கே உரியது என்றாயிற்று. வெளியேற விரும்பும் பெண்ணுக்குக் கால் ஊன்ற ஒரு துண்டு மண் கிடைத்தது.

அடுத்ததாக, பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930ஆம் ஆண்டு தொடக்கத்தில் சபை முன் வைத்தார். அந்த மசோதா சட்டமாகும் முன்னரே ஒரு திருப்பம் நிகழ்ந்தது.

பதவி துறந்தார்

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டிக்கு நடைப்பயணம் மேற்கொண்டு உப்புச் சட்டத்தை மீறினார். மே மாதம் 5ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் சட்டசபை உறுப்பினர் பதவியையும் துணைத் தலைவர் பதவியையும் துறந்தார்.

இது எளிய செயல் அன்று. தாம் பெற்றெடுத்த மசோதாவைப் பாதி வழியில் விட்டுவிட்டு வெளியேறுவது எவ்வளவு வேதனை தந்திருக்கும்! சபையிலேயே இருந்திருந்தால் அம்மசோதாவை மேலும் வற்புறுத்தியிருக்கலாமே என்று நாம் கேட்கக்கூடும். ஆனால் நாட்டின் தலைவரைச் சிறையிலிட்ட அரசின் சபையில் நியமன உறுப்பினராக அமர்ந்திருக்க அவர் மனச்சான்று இடம் தரவில்லை. பதவியை ஏற்கத் தயங்கிய அதே பெண்மணி, பதவியைத் துறக்கத் தயங்கவில்லை.

அம்மசோதா பதினேழு ஆண்டுகள் காத்திருந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் போன்றோர் மக்களிடையே தொடர்ந்து பாடுபட்டனர். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோது, தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1927ல் தீர்மானம், 1947ல் சட்டம். தீர்மானம் கொண்டுவந்தபோது அம்மையாருக்கு வயது 41, சட்டமானபோது 61. நற்செய்தியில் வரும் விதைப்பவர் உவமை நம் அனைவருக்கும் தெரியும். விதை நல்லதாகவும் நிலம் பண்பட்டதாகவும் இருந்தால் பலன் வந்தே தீரும். ஆனால் விதைத்த மறுநாளே கதிரைத் தேடுதல் ஆகாது.

ஔவை இல்லம்

சட்டம் வருவதற்குக் காத்திராமல் அவர் செய்த பணி ஒன்று உண்டு. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில பெண் பிள்ளைகள் ஒரு நாள் இரவு அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. அந்நாளில் விடுதிகளும் சாதி பார்த்தே நடந்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். இவ்வாறு 1930ஆம் ஆண்டு வாக்கில் தோன்றியதே ஔவை இல்லம். பின்னர் அது அடையாறில் ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் கல்வியும் தொழிலும் கற்பிக்கும் நிலையமாக வளர்ந்தது. சட்டம் ஒரு கொடுமையைத் தடுக்கும். ஆனால் தப்பி வந்த பிள்ளைக்கு அன்றிரவு சோறும் பாயும் கொடுப்பது மனிதரின் கை அல்லவா? அனாதைப் பிள்ளைகளையும் முதியோரையும் பேணும் நம் அருட்சகோதரியரின் இல்லங்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இதன் பெருமை நன்கு விளங்கும்.

புற்றுநோய் மருத்துவமனை

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டார். எப்படியும் இறக்கப் போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர் சளைக்காமல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டு பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 67. பிற்காலத்தில் அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை நாடறிந்த நிலையமாக வளர்த்தனர். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் எத்தனையோ நோயாளிகள் நம்பிக்கையோடு இரயிலேறிச் செல்லும் இடமாக அது விளங்குகிறது.

1956ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். அவர் பிறந்த ஜூலை 30ஆம் நாளை ‘மருத்துவமனை நாள்’ ஆகக் கொண்டாடுவதாகத் தமிழக அரசு 2019ஆம் ஆண்டு அறிவித்தது.

பின்வந்தோர்

முதலில் ஒருவர் நடந்துவிட்டால், பின்வருபவர்களுக்கு வழி தெரியும். 1946ஆம் ஆண்டு ருக்மணி லட்சுமிபதி அவர்கள் சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரானார். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டமும் நமக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு இணைந்தன. அதன் பின் வந்த 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் குளச்சல் தொகுதியிலிருந்து வென்றவர் லூர்தம்மாள் சைமன் என்னும் கத்தோலிக்கப் பெண்மணி. காமராசர் அமைச்சரவையில் அமைச்சர்கள் மொத்தமே எட்டுப் பேர். அவர்களில் ஒரே பெண், உள்ளாட்சித் துறையைக் கவனித்த லூர்தம்மாள் அவர்கள். கிராமப் பஞ்சாயத்துகளுக்குப் புதிய அமைப்பைத் தந்த 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் அக்காலத்தில் வந்ததே.

ஆயினும் கணக்கைப் பார்த்தால் நமக்குத் தலைகுனிவே ஏற்படுகிறது. 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாடு சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் 12 பேர் மட்டுமே. வாக்குச்சாவடியில் வரிசையாக நிற்பவர்களில் பாதிப்பேர் நம் தாய்மாரும் பாட்டிமாரும். சபையிலோ இருபதில் ஒருவர்! உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. நாற்காலி ஒதுக்கினால் மட்டும் போதுமா? அதில் அமரத் தகுதியும் துணிவும் உள்ள பெண்கள் வேண்டாமா? அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? நம்மைப் போன்ற பள்ளிகளிலிருந்துதானே வரவேண்டும்!

நாம் கற்கும் பாடம்

அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை பல. அவற்றுள் மூன்றை மட்டும் இங்குக் கூறுவோம்.

முதலாவது, சட்டசபைக்குச் செல்பவர் வெறுங்கையோடு செல்லலாகாது. அம்மையார் தம் மருத்துவ அறிவையும், மகப்பேறு மருத்துவமனையில் கண்ட துன்பத்தையும், தாயின் வாழ்வில் கண்ட வேதனையையும் கொண்டு சென்றார். ஆகவே அவர் பேசியதில் பொருள் இருந்தது. நாமும் எந்தத் துறையில் சென்றாலும் அதனை ஆழ்ந்து கற்போமாக.

இரண்டாவது, எதிர்ப்பவர்களின் அச்சத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நிலம் போய்விடும் என்று அஞ்சியவர்களை அவர் பழித்துப் பேசிவிட்டுப் போகவில்லை. நிலத்தைக் காக்கும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தார். பிறர் துன்பத்தை அவர் இடத்தில் நின்று பார்ப்பதே பிறரன்பு என்று நம் மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். அரசியலுக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது, பொறுமை. நம் ஊரில் விசைத்தறியின் ஓசை கேட்காத தெரு குறைவு. தறி வேலைக்கும் பீடி சுற்றவும் பூக்கட்டவும் ஆள் வேண்டும் என்பதற்காகவும், ‘பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும்’ என்ற எண்ணத்தாலும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. திருமண வயது 18 என்று சட்டம் இருந்தும், மறைவாக நிச்சயம் செய்யும் செய்திகளும் காதில் விழுகின்றன. சட்டம் இருக்கிறது, அது நம் வாசல்வரை வந்து சேரவில்லை. அதனை வாசலுக்குள் அழைத்து வருவது பெற்றோர் கையிலும் நம் கையிலும் இருக்கிறது. மகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்த நாராயணசாமி ஐயரைப் போல், வறுமையிலும் நம்மைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு நாம் நன்றியுடையவர்களாக இருப்போம். நிறுத்த எண்ணும் பெற்றோர் இதனைப் படித்துச் சற்றே மனம் மாறினால், இக்கட்டுரையின் பயன் அதுவே.

முடிவுரை

அன்புத் தோழியரே! பதினெட்டு வயதில் நாம் வாக்களிப்போம். இருபத்தைந்து வயதில் சட்டமன்றத் தேர்தலில் நிற்கவும் நமக்கு உரிமை உண்டு. அதற்கு இன்னும் பத்தே ஆண்டுகள் உள்ளன. நம்மில் எல்லாரும் சட்டமன்றம் செல்லப் போவதில்லை. ஆனால் வாக்குக் கேட்டு வருபவரிடம், ‘எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க நம் ஒவ்வொருவராலும் முடியும். அக்கேள்விக்கு விடை சொல்லக் கூடியவரை அனுப்பவும் முடியும். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த அவையில் தன்னந்தனியாக எழுந்து நின்று பெண்களுக்காகப் பேசிய முத்துலட்சுமி அம்மையாரின் துணிவையும் அறிவையும் பொறுமையையும் நமக்கும் தந்தருள எல்லாம் வல்ல இறைவனை வேண்டுவோமாக.